விசித்திர மங்காவில் முதல் புத்தகம்: இட்டோவா, ட்சுகேயா, காகோவா, மருவோவா?

போன வருடத்திலிருந்து இந்தக் கேள்வியை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகளில் கனவு மாதிரி, கொஞ்சம் குமட்டுகிற மாதிரி சிறுகதைகள் இருக்கிறதாமே, ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கிறது, எதை வாங்கலாம்? நான் ஆளுக்கொரு பதில் சொன்னேன். அதில் இரண்டு தப்பாகப் போனது. ஒருவர் நான் கொடுத்த புத்தகத்தை இரண்டே நாளில் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மீன் பொட்டலம் மாதிரி கொண்டுவந்து நீட்டினார். "வீட்டுல வச்சுக்க முடியலண்ணா." இன்னொருவர், "படிச்சேன், ஒண்ணுமே புரியல, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த "நல்லாத்தான்" எவ்வளவு மரியாதைக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு தப்புக்கும் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். நான்கு பேரை ஒப்பிடுகிறேன்: ஜுன்ஜி இட்டோ, யோஷிஹாரு ட்சுகே, ஷின்டாரோ காகோ, சுயேஹிரோ மருவோ. நால்வருமே விசித்திரமானவர்கள், நால்வருமே ஏதோ ஒரு விதத்தில் தொந்தரவு செய்கிறவர்கள். ஆனால் ஒருவரைப் பிடித்தவருக்கு அடுத்தவரைப் பிடிக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாறுவீர்கள்.

## எதை வைத்துத் தேர்வு செய்வது?

"எது ரொம்ப பயமா இருக்கும்?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அதை அளவுகோலாக வைக்காதீர்கள். கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவரும் உயரத்துக்குப் பயப்படுகிறவரும் ஒரே பயத்தைப் பற்றியா பேசுகிறார்கள்? நான் பார்ப்பது வேறு ஐந்து விஷயங்கள்.

எங்கே தொடுகிறது: தோலிலா, வயிற்றிலா, மூளையிலா? சில கதைகள் படிக்கும்போதே கையைச் சொறிய வைக்கும். சில கதைகள் அப்போது ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, அடுத்த வாரம் பல் தேய்க்கும்போது வந்து நிற்கும்.

எவ்வளவு நாள் தங்கும்: மூடிவைத்ததும் போய்விடுமா, கூடவே குடியிருக்குமா?

எதையெல்லாம் காட்டுகிறது: ரத்தம் வேறு, பாலியல் வன்முறை வேறு, தற்கொலை வேறு. ஒன்றைத் தாங்குகிறவருக்கு மற்றது தாங்காது.

படிக்க எவ்வளவு உழைப்பு: வலமிருந்து இடமாகப் படிப்பது முத்து காமிக்ஸிலும் லயனிலும் வளர்ந்தவர்களுக்கு முதல் இருபது பக்கம் தடுமாற்றம்தான். நான் சொல்வது அதற்குமேல் உள்ள உழைப்பு.

வாங்குவதும் வைத்திருப்பதும்: ஆங்கிலப் பதிப்பு கிடைக்கிறதா, கிடைத்தால் வீட்டில் டீப்பாய் மேல் கிடக்கலாமா?

ஒரு விஷயம் நான்கு பேருக்கும் பொது. தொடர்கதை மங்காவில் நாயகன் அடுத்த தொகுதி வரைக்குமாவது உயிரோடு இருப்பான் என்று நமக்குத் தெரியும். முப்பது பக்கக் கதையில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஏன் இப்படி நடந்தது என்று விளக்க வேண்டிய கடமையும் எழுதியவருக்குக் கிடையாது. "முடிவே இல்லாம முடிச்சுட்டாங்க" என்று புகார் சொல்கிற வாசகர்கள் ஏராளம். அந்தப் புகார் உங்களுடையதாகவும் இருக்கும் என்று தோன்றினால் புத்தகக் காசை மிச்சம் பிடியுங்கள்.

## ஜுன்ஜி இட்டோ: 'ஷிவர்'

இட்டோ 1963-இல் கிஃபு மாகாணத்தில் பிறந்தவர். டென்டல் டெக்னீஷியனாக, அதாவது பல்செட் செய்து கொடுக்கும் வேலையில் இருந்தவர். 1987-இல் 'டொமியே' கதையை 'மன்த்லி ஹாலோவீன்' இதழுக்கு அனுப்பினார். திகில் மங்கா முன்னோடி கசுவோ உமேசு பெயரிலான போட்டியில் அதற்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது, அப்புறம் மங்காவே தொழிலாயிற்று. பல் வேலையின் மிச்சம் இன்றும் அவர் கோட்டில் தெரியும். ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் வரைந்ததுபோல இருக்கும்.

'ஷிவர்' அவரே பொறுக்கிய ஒன்பது கதைகளின் தொகுப்பு. ஒவ்வொரு கதையோடும் அது எப்படித் தோன்றியது என்று அவரே எழுதிய குறிப்பு இருக்கிறது. முதல் புத்தகமாக இதைச் சொல்ல அந்தக் குறிப்புகளும் ஒரு காரணம். பதறிப்போய்ப் பக்கத்தைத் திருப்பினால், அங்கே ஒரு சாதாரண மனிதர் தன் சந்தேகங்களையும் சறுக்கல்களையும் பற்றிக் கொஞ்சம் கூச்சத்தோடு பேசிக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு நீண்ட கனவுக் கதை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி. ஒரு ராத்திரி தூக்கம்தான், ஆனால் கனவுக்குள் முதலில் சில நாட்கள், அப்புறம் மாதங்கள், அப்புறம் வருடங்கள் என்று நீண்டுகொண்டே போகிறது. காலையில் எழுந்தால் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்திருக்கும், ஏனென்றால் அவனுக்கு அது பல வருடத்துக்கு முந்தைய நேற்று. முகமும் மெல்ல மாறத் தொடங்குகிறது. ரத்தம் ஒரு துளி கிடையாது. நான் படித்த இட்டோ கதைகளில் இன்னும் என்னோடு இருப்பது இதுதான்.

அதே புத்தகத்தில் எதிர்முனையில் ஒரு எண்ணெய்க் கதை. கீழே இறைச்சி சுடும் உணவகம், மேலே வீடு. புகையும் எண்ணெயும் மேலேறி மேலேறிச் சுவரில், தரையில், போர்வையில் பிசுபிசுவென்று படிகிறது. அண்ணன் தங்கை சண்டையில் நடுவே முகப்பரு வருகிறது. அதற்குமேல் சொல்ல மாட்டேன். படித்த வாரம் எங்கள் வீட்டு அடுக்களை எக்ஸாஸ்ட் ஃபேனை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பஜ்ஜி ஒரு மாதம் கிடையாது.

மறைமுகச் செலவு என்று நான் சொல்வது இதைத்தான். விலைப்பட்டியலில் வராதது. இன்னும் இரண்டு உண்டு. தலைப்புக் கதையில் உடம்பு முழுக்கத் துளைகள் வருகின்றன. தாமரைக் காயைப் பார்த்தாலே கூசுகிறவர் நேராக அடுத்த கதைக்குப் போய்விடலாம். மனித முகம் கொண்ட பெரிய பலூன்கள் தூக்குக் கயிற்றோடு அந்தந்த முகத்துக்காரரைத் தேடி வரும் கதையில் தற்கொலை மையமாகவே இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் அதைத் திறக்க வேண்டாம்.

குறை? அச்சு தெரிந்துவிடும். சாதாரண ஊர், ஒரு வினோதம், அதன்மேல் ஒருவருக்குப் பித்து, கடைசிப் பக்கத்தில் ஒரு படம். ஒரே மூச்சில் படித்தால் நாலாவது கதையில் கொட்டாவி வரும். நாளைக்கு ஒன்று போதும்.

இட்டோவைச் சுற்றி இன்னொரு வேடிக்கை உண்டு. பூகம்பத்துக்குப் பிறகு மலைச்சரிவில் மனித உருவத் துளைகள் தெரிகின்றன, ஆட்கள் தங்கள் உருவத்துக்கான துளையைக் கண்டுபிடித்து உள்ளே போகத் துடிக்கிறார்கள் என்று ஒரு கதை. 'க்யோ' என்ற அவருடைய நெடுங்கதையின் பின்னிணைப்பாக வந்த இந்தச் சிறிய கதை இணையத்தில் மீமாகச் சுற்றிச் சுற்றி, இட்டோ பெயரே கேள்விப்படாதவர்களுக்கும் தெரியும். ஆனால் சிரித்தவர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். அந்தத் துளை அவர்களையும் கூப்பிட்டிருக்கிறது, அதனால்தான் சிரிக்கிறார்கள். மீமைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'ஷிவர்' வாங்கினால் அதில் அந்தக் கதை இருக்காது. அது 2020-இல் வந்த 'வீனஸ் இன் த பிளைண்ட் ஸ்பாட்' தொகுப்பில் இருக்கிறது.

## யோஷிஹாரு ட்சுகே: 'நெஜிஷிகி'

"ஒண்ணுமே புரியல" என்று வந்தது இந்தப் புத்தகம்தான். தப்பு புத்தகத்தில் இல்லை, இட்டோவை எதிர்பார்த்து வந்தவருக்கு நான் ட்சுகேயைக் கொடுத்ததில் இருக்கிறது.

1968 ஜூனில், 'காரோ' என்ற மங்கா இதழ் ட்சுகேக்காகவே கொண்டுவந்த சிறப்பிதழில் 'நெஜிஷிகி' வெளியானது. கதை இவ்வளவுதான். கடலில் ஜெல்லிமீன் கடித்து இடது கையில் நாளம் அறுந்த ஒரு இளைஞன், வலது கையால் அதை அழுத்திப் பிடித்தபடி ஒரு மீனவக் கிராமத்தில் டாக்டரைத் தேடி அலைகிறான். தெரு முழுக்கக் கண் டாக்டர்கள். வீட்டுக்கு வீடு கண் படம் போட்ட பலகை, அத்தனை கண்ணும் அவனைப் பார்க்கிறது, ஒரு கண்ணும் அவன் கையைப் பார்க்கவில்லை. ரயில் ஏறுகிறான், ரயில் அவனை அதே கிராமத்தில் கொண்டுவந்து விடுகிறது. கடைசியில் ஒரு பெண் மருத்துவர், அதுவும் மகப்பேறு மருத்துவர், நாளத்தில் ஒரு திருகு வால்வு மாட்டிவிடுகிறார். அன்றிலிருந்து அந்தத் திருகை முறுக்கினால் இடது கை மரத்துப்போகிறது. முடிந்தது.

சொல்லும்போது சிரிப்பு வருகிறது இல்லையா? படத்தில் வராது. கறுப்பு அப்படி. முதல் படத்திலேயே கடலுக்கு மேலே ஒரு விமானத்தின் கரிய நிழல். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.

அந்த ஜெல்லிமீனுக்கு ஒரு கதை உண்டு. ட்சுகே ஏதோ ஒரு ஜெல்லிமீன் என்ற அர்த்தத்தில் இரண்டு பெருக்கல் குறி போட்டுவைத்தார். அச்சுக் கோத்தவர் அதை ஜப்பானிய எழுத்தாகப் படித்து 'மெமே ஜெல்லிமீன்' ஆக்கிவிட்டார். ட்சுகே அதை அப்படியே விட்டுவிட்டார். இல்லாத உயிரினம் ஒன்று அச்சுப்பிழையால் பிறந்தது, இன்றுவரை பிழைத்திருக்கிறது.

அந்தக் காலத்து விமர்சகர்கள் ஃப்ராய்டை எடுத்துக்கொண்டு இந்தக் கதைமேல் பாய்ந்தார்கள். அறுந்த நாளம் எதன் குறியீடு, கண் எதன் குறியீடு என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ட்சுகேயோ, ராமென் கடைக் கூரைமேல் தூங்கியபோது வந்த கனவு, கெடு நெருங்கிவிட்டது, வரைந்தேன் என்கிற ரீதியில்தான் பேசினார் என்பார்கள். எனக்கு அந்தக் கூரையைத்தான் பிடித்திருக்கிறது. காய்ச்சல் நேரத்தில் வரும் கனவுக்கு யாரும் பொழிப்புரை கேட்பதில்லை.

மறைமுகச் செலவு: பொறுமை. கனடாவின் ட்ரான் அண்ட் க்வாட்டர்லி 2023-இல் வெளியிட்ட தொகுப்புக்கு இந்தக் கதையின் பெயர்தான், ஆனால் உள்ளே எல்லாமே இதுபோல இருக்காது. அமைதியான கதைகள் குறுக்கே வரும். அறுபதுகளின் ஆண் பார்வையும் வரும், சில இடங்களில் பெண்களைக் காட்டும் விதம் எரிச்சல் ஊட்டும். கெட்டி அட்டைப் புத்தகம், இறக்குமதி விலை.

யாருக்கு? நவீன கவிதை படிக்கிறவர்களுக்கு, புரியாததோடு சும்மா உட்காரத் தெரிந்தவர்களுக்கு. குமட்டல் வேண்டாம், கலக்கம் போதும் என்கிறவர்களுக்கு இந்த நாலு பேரில் இவரைவிட நல்லவர் இல்லை. தங்கும் காலத்தைப் பார்த்தால் இவர்தான் முதலிடம். இட்டோ ஒரு மாதம் பஜ்ஜியைப் பிடுங்கினார். குழாயில் திருகைத் திருப்பும்போது ட்சுகே இன்றைக்கும் வருகிறார், பல வருடம் ஆயிற்று.

## ஷின்டாரோ காகோ: 'டிமென்ஷியா 21'

1969-இல் டோக்கியோவில் பிறந்த காகோவின் பெயர் இசைக்காரர்களுக்கு வேறு வழியில் தெரியும்: ஃப்ளையிங் லோட்டஸின் 2014 ஆல்பத்துக்கு அட்டை வரைந்தவர். இவரிடம் பயம் சிரிப்பாக வரும். சிரித்து முடித்ததும், எதற்குச் சிரித்தோம் என்று ஒரு கூச்சம் வரும்.

'டிமென்ஷியா 21'-இல் யுகியே என்ற இளம்பெண் வீட்டுக்கு வீடு போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். ஒவ்வொரு கதையிலும் ஒரு முதியவர், ஒவ்வொருவரிடமும் ஒரு விபரீதம். ஒரு பாட்டி எதை மறக்கிறாரோ அது உலகத்திலிருந்தே காணாமல் போய்விடும். இந்த ஒரு வரியை வைத்து மற்றவர்கள் கண்ணீர்க் கதை எழுதுவார்கள். காகோ கணக்கு வாத்தியார் மாதிரி, சரி, அப்படியென்றால் அடுத்து என்ன, அதற்கு அடுத்து என்ன என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போவார். மக்கள்தொகையில் 65 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 29 சதவீதம் இருக்கும் நாடு, 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே காப்பீடு கொண்டுவந்த நாடு. அங்கே இந்த நகைச்சுவை எங்கே போய்க் குத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மறதி நோயோடு அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்களா? அங்கேதான் இதன் மறைமுகச் செலவு. அந்த நிலையில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்து, "கடைசியா ஒருத்தனுக்காவது புரிஞ்சிருக்கு" என்றார். இன்னொருவர் இரண்டாவது கதையில் மூடிவிட்டார். இரண்டுமே நியாயம்தான்.

இன்னொரு எச்சரிக்கை. இது காகோவின் மிருதுவான முகம். இதை ரசித்துவிட்டு அவருடைய மற்றவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பக்கத்தின் கட்டங்களையே முப்பரிமாணப் பெட்டிகளாக்கித் திருப்பிப் போடும் 'அப்ஸ்ட்ராக்ஷன்' போன்ற குறுங்கதைகள் மூளைக்கு விருந்து. ஆனால் உடம்பை அறுப்பதும் பாலியல் காட்சியும் அவரிடம் சர்வசாதாரணம்.

## சுயேஹிரோ மருவோ: 'அல்ட்ரா காஷ் இன்ஃபெர்னோ'

செய்தித்தாள் பொட்டலமாகத் திரும்பி வந்தது இதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

1956-இல் நாகசாகியில் பிறந்த மருவோ, நால்வரில் மிக அழகாக வரைகிறவர். சிக்கலே அதுதான். பழைய காலத்துப் போஸ்டர்களின் நளினத்தோடு, கன்னத்தின் ஒரு வளைவுக்கே அரைமணி நேரம் செலவழித்ததுபோல வரைவார், வரைந்திருப்பது பாலியல் கொடுமையாக இருக்கும், சில சமயம் குழந்தைகள்மேல். எரோ குரோ என்று ஜப்பானில் ஒரு மரபு உண்டு, காமமும் கோரமும் கலந்தது. அதற்கும் முன்னால், 1866–67-இல் யோஷிதோஷி, யோஷிஇகு என்ற இரண்டு ஓவியர்கள் சேர்ந்து செய்த 28 ரத்தக்களரி மரச்செதுக்கு ஓவியங்கள். 1988-இல் மருவோவும் கசுஇச்சி ஹனவா என்ற இன்னொரு மங்கா ஓவியரும் அதே வரிசையைத் தங்கள் பாணியில் மறுபடி வரைந்தார்கள். மரபு தெரிந்தால் மரியாதை வருகிறது. வயிறு கேட்க வேண்டுமே.

முதல் புத்தகமாக வேண்டவே வேண்டாம். ஆங்கிலப் பதிப்பு வந்தது 2001-இல், இப்போது பழைய பிரதிதான், விலையும் விற்கிறவர் வைத்தது. அவர் கோட்டின் அழகு மட்டும் போதும் என்றால், ஜப்பானிய மர்மக்கதை எழுத்தாளர் எடோகாவா ரம்போவின் கதையை வைத்து வரைந்த 'த ஸ்ட்ரேஞ்ச் டேல் ஆஃப் பனோரமா ஐலண்ட்' பாருங்கள். சிறுகதை கிடையாது, காமம் உண்டு, ஆனால் தாங்கும்.

## ஒரே பார்வையில்

| | இட்டோ | ட்சுகே | காகோ ('டிமென்ஷியா 21') | மருவோ |
|---|---|---|---|---|
| எங்கே தொடுகிறது | தோல், வயிறு | அடிமனது | சிரிப்பு, குற்றவுணர்ச்சி | வயிறு, மனசாட்சி |
| தங்கும் காலம் | வாரங்கள் | வருடங்கள் | வீட்டு நிலையைப் பொறுத்தது | மறக்க நினைக்கும் வரை |
| எச்சரிக்கை | உடல் சிதைவு, துளைகள், தற்கொலை | பெண்களைக் காட்டும் விதம் | முதுமை, மறதி நோய் | பாலியல் கொடுமை, குழந்தைகள் |
| படிக்கும் உழைப்பு | குறைவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| டீப்பாய் மேல் கிடக்கலாமா | அட்டையை மூடி வைத்தால் | தாராளமாக | கிடக்கலாம் | பீரோவுக்குள்கூட யோசிக்கணும் |

## சரி, யாருக்கு எது?

பேய்ப்படம் பார்த்துப் பழகியவர், மங்கா புதிது: 'ஷிவர்'. யோசிக்கவே வேண்டாம்.

இலக்கியம் படிக்கிறவர், படக்கதை என்றால் குழந்தைகளுக்கானது என்று இன்னும் ஒரு மூலையில் நினைக்கிறவர்: ட்சுகே. அந்த நினைப்பு முதல் பத்துப் பக்கத்தில் போய்விடும்.

ரத்தம் பார்த்தால் மயக்கம், ஆனால் விசித்திரம் வேண்டும் என்கிறவர்: இந்த நால்வரையும் விட்டுவிட்டு பன்பன்யாவிடம் போங்கள். 'அன் இன்விடேஷன் ஃப்ரம் எ க்ராப்' என்ற தொகுப்பு. பென்சிலில் கிறுக்கினதுபோல ஒரு சிறுமி, அவளைச் சுற்றி மட்டும் தெருவும் கடையும் மின்கம்பியும் அச்சு அசலாக. தொந்தரவு கிடையாது, தொலைந்துபோன ஒரு சுகம் மட்டும்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் அப்பா அம்மா: முதலில் நீங்கள் படியுங்கள். இட்டோவில் கதை பார்த்துக் கொடுக்கலாம். காகோவும் மருவோவும் அந்த வயதுக்கு இல்லை.

அனிமேஷனைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். 2023-இல் நெட்ஃப்ளிக்ஸில் இட்டோவின் கதைகள் ஒரு தொடராக வந்தன. என் அபிப்பிராயம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மையில் அசையாமல் நம்மை முறைத்துக்கொண்டிருந்த முகம், வண்ணத்தில் வாயைத் திறந்து பேச ஆரம்பித்ததும் பாதி பலம் போய்விடுகிறது.

செல்போனில் படிப்பதிலும் ஒரு நஷ்டம் உண்டு. இட்டோ தன் பெரிய படத்தைப் பக்கத்தைத் திருப்பினால்தான் தெரிகிற இடத்தில் வைப்பார். முந்தைய பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருத்தி எதையோ பார்த்துக் கண்ணை விரிப்பாள். திருப்பலாமா வேண்டாமா என்று விரல் ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் அது மேலே பாதி, கீழே பாதியாகத் தானே வந்து விழுந்துவிடும். அதுவும் யாரோ மங்கலாக ஸ்கேன் செய்த திருட்டுப் பிரதியில் இட்டோவின் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கரியாகத் தெரியும். ட்சுகேயின் கறுப்பும் சாம்பலாகிவிடும்.

நாலு பேர் கேட்டார்கள் என்றேன். காகோவை எடுத்துப் போனவர் ஒழுங்காகத் திருப்பித் தந்துவிட்டார். 'ஷிவர்' எடுத்துப் போனவர் எட்டு மாதமாகத் தரவில்லை. கேட்டால், "இன்னும் அந்த எண்ணெய்க் கதை முடியலண்ணா" என்கிறார். முப்பது பக்கக் கதை அது.